ஓதிய தண்ணீர்

விழுப்புரம்
18-6-1986

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்லும் அளவுக்குத்தான் என் கோபம் தணிந்திருக்கிறது, அதற்கு மேல் இல்லை.

'நலம், நலமறிய ஆவல்' என்று நான் எழுத மாட்டேன். யூசுப் அண்ணன் பம்பாயிலிருந்து எழுதிய கடைசிக் கடிதத்தில் அந்த வரிதான் முதலில் இருந்தது. கடிதம் வந்த மறுவாரமே இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு அண்ணனும் வந்தது. கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன. சோற்றைக் கண்டாலே குமட்டியது. மழைக்காலம் முடிவதற்குள் அடக்கம் செய்துவிட்டோம். குவைத்துக்குப் போகப் பம்பாயில் காத்திருந்தபோது குடித்த தண்ணீர்தான் காரணம் என்று டாக்டர் சொன்னார். அதே பம்பாய்க்கு, அதே மழைக்காலத்தில், அதே குவைத்துக்காக நீங்களும் போயிருக்கிறீர்கள்.

பெருநாள் முடிந்ததும் நான் அம்மா வீட்டுக்கு வந்தது உங்களை நிறுத்துவதற்காகத்தான். பின்னாலேயே வருவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் திண்டிவனம் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டு அம்சாவிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டீர்கள். சரி, போனது போகட்டும். இனி நான் சொல்வதையாவது கேளுங்கள்.

தண்ணீரைக் காய்ச்சாமல் வாயில் வைக்காதீர்கள். ஆவி வந்தால் போதாது, குமிழி விட்டுத் தளதளவென்று கொதிக்க வேண்டும். ஐஸ் போட்ட எதையும் தொடாதீர்கள். தெருவில் நறுக்கி வைத்திருக்கும் பழத்தைப் பார்க்கக்கூடச் செய்யாதீர்கள். கரும்புச் சாறு என்றால் உயிரை விடுவீர்களே, அதுவும் வேண்டாம். தெருவில் தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். கொசுவலை பெட்டியின் அடியில் இருக்கிறது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது, அந்தக் கோபத்திலும் அதை மறக்காமல் வைத்தேன்.

இன்னொன்று. காலை வெளிச்சத்தில் கண்ணாடியில் உங்கள் கண்ணைப் பார்த்து, அதன் நிறத்தை ஒவ்வொரு கடிதத்திலும் எழுத வேண்டும். 'நலம்' என்ற வார்த்தை, அது நிஜமாக இருந்தாலொழிய, நம் கடிதங்களில் வரக்கூடாது.

இன்னும் கோபம் தீராத
சபியா

*

பம்பாய்
27-6-1986

சபியா,

கண்: வெள்ளை. ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு இருக்கிறது, அது ஸ்டவ் புகை. நாக்கையும் பார்த்தேன், நீ கேட்காமலே.

நம் பக்கத்து ஆட்கள் சேர்ந்து வாடகைக்குப் பிடித்திருக்கும் அறையில் இருக்கிறேன். படுக்க முறை வைத்திருக்கிறார்கள். நான் எழுந்தால்தான் இன்னொருவர் காலை நீட்ட முடியும். மழை விட்டபாடில்லை. கீழே சந்தில் குழாயும் சாக்கடையும் அண்ணன் தம்பி போல ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. அதைப் பார்த்த அன்றே ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கிவிட்டேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இத்தனை வருஷம் பரோட்டா வீசியவனுக்கு ஓட்டல் அடுப்படியில் என்ன நடக்கும் என்று தெரியாதா? வெளியே டீ தவிர எதுவும் தொடுவதில்லை. கஞ்சி, துவையல், கஞ்சி, ஊறுகாய், திரும்பவும் கஞ்சி.

அறையில் எல்லோருக்கும் நான் சிரிப்பாகிவிட்டேன். முக்கியமாகத் தேவநாதனுக்கு. வளவனூர்க்காரர், கொத்தனார், நம் விழுப்புரம் பக்கம்தான். "இன்னா பிச்ச, புள்ள பெத்தவ கணக்கா வெந்நி குடிச்சிக்கினு கீற?" என்று தினமும் கேட்பார். அவர் குழாயில் வாயை வைத்துக் குடிக்கிற ஆள். ஆனாலும் நல்ல மனுஷன். நான் வந்த அன்று இடமில்லாமல் நின்றபோது, தன் பாயில் பாதியைக் கொடுத்தது அவர்தான்.

குவைத் போகிறவர்களுக்கு வைக்கும் மெடிக்கல் டெஸ்ட் எப்போது என்று ஏஜெண்டு சொல்லவில்லை. பெயர் வந்தால் உடனே ஓட வேண்டும். போன வாரம் கோட்டக்குப்பத்து ஆள் ஒருவர் போனார். டாக்டர் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாராம். அவ்வளவுதான், பேரை அடித்துவிட்டார்கள். சமையல் வேலைக்குப் போகிறவனை இன்னும் துருவிப் பார்ப்பார்களாம், மலம்கூட எடுத்து வரச் சொல்வார்களாம்.

உன்னிடம் வீரன் வேஷம் போட்டு என்ன ஆகப் போகிறது? எனக்கும் பயம்தான். யூசுப் மச்சான் படுத்திருந்ததை நானும்தானே பார்த்தேன்.

நம் வீட்டுக்குத் திரும்பிப் போ. பூட்டிய வீடு நல்லதல்ல.

கஞ்சி குடித்தே மெலியும்
மொய்தீன் பிச்சை

*

திண்டிவனம்
5-7-1986

மச்சான்,

வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. மல்லாட்டை மண்டி லாரியில் கடலை மூட்டைகளோடு பம்பாய்க்குப் போகும் நம் கிளீனர் சீனுவாசனிடம் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே துணி சுற்றி ஒரு பெரிய பாட்டில் இருக்கும். அது என்ன என்று சொல்கிறேன்.

இமையை இழுத்துப் பார்ப்பார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. விழுப்புரத்திலிருந்து கிளம்பும்போது அம்மா சொன்னாள்: "ஹஜ்ரத்துகிட்ட தண்ணி ஓதி வாங்கி அனுப்பிச்சுடு. எந்த நோவும் அண்டாது." நான் கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு, நம் தெருக் கிணற்றில் என் கையாலேயே இறைத்து, பாட்டிலை நிரப்பிப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனேன். ஹஜ்ரத் வெகு நேரம் ஓதி ஊதிக் கொடுத்தார். உங்கள் பெயரைச் சொல்லி துஆ செய்தார்.

தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மடக்கு குடியுங்கள். இதை மட்டும் காய்ச்சாதீர்கள். அடுப்பில் வைத்தால் ஓதினதெல்லாம் ஆவியாகப் போய்விடும் என்று அம்மா சொல்கிறாள். பம்பாய்த் தண்ணீருக்குத்தானே பயம்? இது நம் ஊர்த் தண்ணீர். நீங்கள் பிறந்ததிலிருந்து குடித்து வளர்ந்தது, உடம்புக்கு ஒத்துக்கொள்ளும். வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள், தீர்ந்துவிடும்.

இதை அனுப்பிய பிறகுதான் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும்.

சபியா

*

பம்பாய்
12-7-1986

சபியா,

கண் வெள்ளை.

சீனுவாசன் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டே வந்தானாம். "அக்கா சொன்னாங்க, ஒடஞ்சிச்சின்னா ஊருக்கே வராதன்னு" என்றான். ஒரு சொட்டு சிந்தவில்லை. இன்று காலை நீ சொன்னபடியே குடித்தேன். நம் வீட்டுப் பானைத் தண்ணீர் போலவே இருந்தது. கண் கலங்கிவிட்டது, போ.

மெடிக்கல் அடுத்த மாதம் என்கிறார்கள். இனி நிம்மதியாகத் தூங்கு.

மொய்தீன் பிச்சை

*

திண்டிவனம்
22-7-1986

மச்சான்,

அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். இந்த வரியைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பாட்டிலைக் கொட்டுங்கள். பிறகு வந்து மீதியைப் படியுங்கள்.

தந்தியும் அடித்திருக்கிறேன். அது முதலில் வந்திருந்தால் நல்லது. வரவில்லையோ என்று பயந்துதான் இதையும் எழுதுகிறேன்.

அம்சாவுக்குக் காமாலை. முதலில் காய்ச்சல், வாந்தி என்றார்கள். நேற்று நான் கஞ்சி கொண்டுபோனபோது கண்ணைத் திறந்தாள். அது யூசுப் அண்ணனின் கண். பிறகு எதிர் வரிசையில் ஒருவர், அவர் மகள், கோடி வீட்டுப் பெரியவர் என்று வரிசையாக விழுகிறார்கள். நகராட்சியிலிருந்து வந்து கிணற்றைப் பார்த்தார்கள். கோடி வீட்டில் புதிதாகத் தோண்டிய கக்கூஸ் குழி கிணற்றுக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறதாம். ஊறி ஊறி உள்ளே வந்திருக்கிறதாம். பிளீச்சிங் பவுடர் போட்டு, கயிற்றையும் வாளியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தக் கிணற்றில் இறைத்துத்தான் உங்களுக்கு அனுப்பினேன். என் கையால் இறைத்தேன். பம்பாயைப் பார்த்துப் பயந்து பயந்து, திண்டிவனத்திலிருந்து உங்களுக்கு நோயைப் பாட்டிலில் அடைத்து அனுப்பியிருக்கிறேன். காய்ச்ச வேண்டாம் என்று வேறு சொன்னேனே மச்சான்.

எத்தனை நாள் குடித்தீர்கள்? வாய் கசக்கிறதா? சிறுநீர் எப்படிப் போகிறது? மறைக்காமல் எழுதுங்கள். என் அண்ணனை அந்த ஊர் கொன்றது. உங்களை நானே

முடிக்க முடியவில்லை.

சபியா

*

பம்பாய்
31-7-1986

சபியா,

அழாமல் படி. கண் வெள்ளை. சிறுநீர் தெளிவு. நன்றாகப் பசிக்கிறது. அல்லாஹ் மீது ஆணையாகச் சொல்கிறேன்.

தந்தி கீழே டீக்கடையில் கிடந்திருக்கிறது. மழையில் கடை பூட்டியிருந்ததால் கடிதத்தோடு சேர்ந்துதான் என் கைக்கு வந்தது. முதலில் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அந்தத் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தேன். முதல் நாளிலிருந்தே அப்படித்தான். பச்சைத் தண்ணீரை வாயருகே கொண்டுபோனால் ஓட்டல்காரன் புத்தி விடவில்லை. அறையில் ஆளில்லாத நேரம் பார்த்து, திருடன் மாதிரி ஸ்டவில் வைத்துக் கொதிக்கவிட்டேன். உனக்குத் தெரிந்தால் மனம் நோகும் என்று 'நீ சொன்னபடியே' என்று எழுதினேன். பொய்தான். அந்தப் பொய் என்னைக் காப்பாற்றியிருக்கிறது என்று நினைத்துச் சிரிக்கப் போனேன். சிரிப்பு வரவில்லை.

தேவநாதன் குடித்திருக்கிறார்.

பாட்டில் வந்த அன்றே என்ன என்று கேட்டார். ஓதின தண்ணீர் என்றேன். இவ்வளவு கேலி பேசுகிற மனுஷன் அப்படியே கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். "எங்கூர்ல புள்ளைங்களுக்கு சொரம்னா அந்தி மக்ரிபுக்கு பள்ளிவாச வாசல்ல தூக்கிக்கினு நிப்போம் பிச்ச. ஹஜ்ரத்து ஊதுனா எறங்கிப்பூடும். எனக்கும் மெடிக்கலு கீதே, ஒரு மடக்கு குடு" என்றார். நான் டம்ளரில் ஊற்றினேன். "காய்ச்சித் தரட்டுமா?" என்று மெல்லக் கேட்டேன். "சாமித் தண்ணியப் போயி யாராவது காய்ச்சுவாங்களா?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவருக்கு இருக்கிற நம்பிக்கை எனக்கு இல்லையே என்ற வெட்கம். நான் காய்ச்சியதைச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பிறகு தினமும் காலையில் கேட்டு வாங்கிக் குடித்தார், நான் ஊற்றிக் கொடுத்தேன்.

பாட்டிலைக் கவிழ்த்துவிட்டேன். ஏன் கொட்டினாய் என்று கேட்டார். பாசி பிடித்துவிட்டது என்றேன்.

நீயும் அந்தக் கிணற்றில்தானே குடித்தாய்? உன் கண்ணை யார் பார்க்கிறார்கள்? அதை எழுத உனக்குத் தோன்றவே இல்லையா?

மொய்தீன் பிச்சை

*

திண்டிவனம்
7-8-1986

மச்சான்,

என் கண் வெள்ளையாகத்தான் இருக்கிறது. தினமும் பார்த்துக்கொள்கிறேன். நான் ஊருக்குத் திரும்பிய பிறகு கொஞ்ச நாள்தான் குடித்தேன், தப்பிக்கவும் கூடும். அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

உங்கள் கடிதத்தின் முதல் பாதியைப் படித்து இரண்டு ரக்காத் தொழுதேன். மறுபாதியைப் படித்ததும் தொழுததற்கே கூச்சமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் கேட்டேன். தண்ணீர் வயிற்றுக்குள் போன உடனே தெரியாதாம். ஒரு மாதம், அதற்கு மேலும் ஆகலாமாம். அதுவரை ஆள் சாதாரணமாகத்தான் இருப்பாராம். அப்படியானால் அவர் சிரித்துப் பேசுகிறார் என்று நாம் நம்பக்கூடாது.

ஹஜ்ரத்திடமும் போய்ச் சொன்னேன், திட்டுவார் என்று நினைத்துக்கொண்டு. தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, என்ன ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? காய்ச்சி ஆற வச்சி எடுத்துக்கினு வான்னு நானே சொல்லியிருப்பேனே. அல்லாஹ்வோட வார்த்த அடுப்புச் சூட்டுல பூடுமா?" என்றார். அவரிடம் கேட்கத் தோன்றவே இல்லை. அம்மா சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

பிறகு வளவனூருக்குப் போனேன். தேவநாதன் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. அவர் மனைவி வீரம்மாள் களத்தில் கேப்பை காயவைத்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். "பம்பாய்லருந்து சேதியா? எங்கூட்டுக்காரு நல்லாக்கீறாரா?" என்று ஓடி வந்தாள். நல்லா இருக்கார் என்று சொல்லிவிட்டு, அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அந்த வார்த்தையை எழுதக்கூடாது என்று உங்களுக்குச் சட்டம் போட்டவள் நான். நானே அதை வாயால் சொன்னேன்.

மச்சான், அவரிடம் சொல்லுங்கள். பாசி என்றெல்லாம் சொல்லாதீர்கள். எண்ணெய், கறி, கள் எதையும் தொடாமல் இருக்கவாவது அவருக்குத் தெரிய வேண்டும். அவருடைய கண்ணையும் காலையில் நீங்களே பாருங்கள். எனக்கு இப்போது இரண்டு பேர் கண் நிறமும் வேண்டும்.

சபியா

*

பம்பாய்
18-8-1986

சபியா,

என் கண் வெள்ளை. அவருடையது மஞ்சள்.

உன் கடிதம் வந்த அன்றே சொல்லிவிட்டேன், கிணற்றையும், நான் மறைத்துக் காய்ச்சியதையும் சேர்த்து. பீடியைக் கீழே வைத்தார். பிறகு, "நீ மட்டும் காய்ச்சிக் குடிச்சிக்கினியா பிச்ச?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்கப்புறம் அவரே என்னைச் சமாதானப்படுத்தினார். "அந்தத் தண்ணியாலதான்னு இன்னா நிச்சயம்? பம்பாய்ல நான் வாய வெக்காத கொழாயா? பேஜாரு பண்ணிக்காத, வுடு." அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தச் சமாதானத்தைப் பிடித்துக்கொள்ள எனக்குக் கை வரவில்லை. உனக்கும் வராது என்று தெரியும்.

மறுநாளே அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஸ்டவ் பற்ற வைத்தாலே வாசனைக்குக் குமட்டினார். பக்ரீத் அன்று அறையில் எல்லோரும் பிரியாணி தின்றபோது, வெளியே படியில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

இன்று எங்கள் இரண்டு பேருக்கும் மெடிக்கல். வர வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் வந்தார். எனக்கு முன்னால் வரிசையில் நின்றார். டாக்டர் இமையை இழுக்கக்கூட இல்லை, தூரத்திலிருந்தே கையைக் காட்டிப் போகச் சொல்லிவிட்டார். அடுத்து நான். என் இமையை இழுத்துப் பார்த்தார், சரி என்றார். மற்ற சோதனைகளும் தேறிவிட்டன என்கிறார்கள். இதற்காகத்தானே இத்தனை நாள் நடுங்கினோம் சபியா. வெளியே வந்தால் அவர் எனக்காகத் திண்டில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார். "பாஸா? ரொம்ப சந்தோசம்ப்பா" என்றார். உள்ளூரச் செத்தேன்.

ஊருக்குத் திரும்பும் விருத்தாசலம் என்பவரோடு வருகிற சனிக்கிழமை ரயில் ஏற்றுகிறேன். சென்ட்ரலில் இறங்கி, எழும்பூரில் வண்டி பிடித்து, விழுப்புரம் ஜங்ஷன் வரை கூடவே வந்து இறக்கிவிடுவார். திங்கட்கிழமை நீ அங்கே நிற்க வேண்டும். நம் பாட்டிலை வெந்நீரில் கழுவி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை நிரப்பி அவர் பையில் வைக்கிறேன். வீட்டாருக்குத் தந்தி கொடுக்க வேண்டாம் என்கிறார், பயப்படுவார்களாம். வீரம்மாளிடம் நீதான் சொல்ல வேண்டும். என்னால் முடிந்திருந்தால் உன்னை அனுப்ப மாட்டேன்.

விமானம் அடுத்த மாத இரண்டாவது வாரம். போகவா, வேண்டாமா? நீ சொல்.

மொய்தீன் பிச்சை

*

வளவனூர்
29-8-1986

மச்சான்,

என் கண்ணும் உங்கள் கண்ணும் இனி அப்புறம்.

உங்கள் கடிதம் கிடைத்ததும் வளவனூருக்கு ஓடினேன். களத்து மேட்டிலேயே வைத்து வீரம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிணறு, பாட்டில், காய்ச்ச வேண்டாம் என்று எழுதியது, போன தடவை வந்து நல்லா இருக்கார் என்று சொன்னது, எதையும் விடவில்லை. அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் புடவையை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். ஜங்ஷனில் நான் ஒரு பெஞ்சில், அவள் வேறொரு பெஞ்சில்.

வண்டி வந்தது. யூசுப் அண்ணன் இறங்கியதைப் போலவே இறங்கினார். விருத்தாசலம் தாங்கிப் பிடித்திருந்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். வீரம்மாள் அவர் கண்ணைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் யாரென்று அவரே ஊகித்துக்கொண்டார். பையைத் துழாவி நம் பாட்டிலை எடுத்தார். பாதிக்கு மேல் இருந்தது. "பிச்ச வூட்டுக்காரியா? தங்கச்சி, இது அவன் காய்ச்சி ஊத்துனது. கொஞ்சமாத்தான் குடிச்சிக்கினு வந்தேன். மிச்சத்த ஹஜ்ரத்துகிட்ட குடுத்து ஓதி வாங்கியா. சும்மா தண்ணி எனக்கு எறங்கல" என்றார்.

மச்சான், நான் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாளே திண்டிவனம் போய் ஓதி வாங்கி வந்தேன். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, படுத்தே இருக்க வேண்டும், நினைவு தடுமாறினால் உடனே கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வார்த்தைதான் எனக்குப் பயம். அண்ணனுக்குக் கடைசியில் அதுதான் ஆனது. அவர் கொஞ்சம் அதிகம் தூங்கினாலும் வீரம்மாள் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள், பதில் வரும்வரை நான் மூச்சு விடுவதில்லை.

எல்லாம் தெரிந்த பிறகு வீரம்மாள் என்னிடம் முதன்முதலில் பேசியது முந்தாநாள்தான். "நீ காய்ச்சற தண்ணியத்தான் குடிப்பேன்னு அடம் புடிக்கிறாரு. இங்கயே இருந்து காய்ச்சிக் குடுத்துட்டுப் போ" என்றாள். மன்னித்துவிட்டாள் என்று நான் நினைக்கவில்லை. அடுப்பைக் காட்டினாள், அதுவே எனக்குப் போதும்.

நீங்கள் போங்கள். திரும்பி வந்தால் உங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அந்த வரிசை நினைவுக்கு வரும். போய், அங்கேயும் காய்ச்சியே குடியுங்கள். யாராவது உங்களிடம் தண்ணீர் கேட்டால், எந்தத் தண்ணீராக இருந்தாலும், அவர் என்ன நினைத்துக்கொண்டாலும், காய்ச்சிக் கொடுங்கள்.

இன்று காலை அவரை வாசலுக்குக் கூட்டிவந்து வெளிச்சத்தில் பார்த்தோம். மஞ்சள்தான். நேற்றைக்குக் குறைவு என்கிறாள் வீரம்மாள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் ஆமாம் என்று சொல்லவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. பொய் சொல்லிப் பழகிய வாய், கொஞ்ச நாள் சும்மா இருக்கட்டும்.

அந்த வார்த்தையை நான் இன்னும் எழுதவில்லை. எழுதும்போது அவருடைய கண்ணைப் பார்த்துத்தான் எழுதுவேன். இப்போது எழுந்து போகிறேன், அடுப்பில் தண்ணீர் வைத்திருக்கிறேன், இன்னும் கொதி வரவில்லை.

சபியா